பூட்டுவதற்கு முன், திறப்பவர் யாரென்று தெரியட்டும்

கேள்வி: நான் ஒரு பலதுறை மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். எங்கள் ஆய்வகப் பணியாளர் ஒருவர் எங்கள் மருத்துவமனையிலேயே மனநலச் சிகிச்சை பெற்றுவந்தார். அந்தச் செய்தி சில நாள்களிலேயே அவருடன் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பதிவைத் திறந்தது யார் என்று தேடினோம். வார்டு கணினிகளில் எல்லோரும் ஒரே லாகினைப் பயன்படுத்துவதால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மனநலம், எச்.ஐ.வி., கருக்கலைப்பு, போதை மீட்பு ஆகியவை தொடர்பான பதிவுகள் அனைத்தையும் அந்தந்தத் துறையினரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதபடி பூட்டிவிடுமாறு நிர்வாகம் இப்போது சொல்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் இதை எழுத்துமூலம் எதிர்த்திருக்கிறார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்ற எல்லைக்கோட்டை எங்கே போடுவது? பணியாளரே நோயாளியாக வரும்போது என்ன செய்வது? அந்த ஆய்வகப் பணியாளருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு,

உங்கள் நிர்வாகத்தின் கவலையும் அவசர சிகிச்சை மருத்துவர்களின் எதிர்ப்பும் ஒன்றோடொன்று மோதுவனபோலத் தோன்றினாலும் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அவை இரண்டுமல்ல, வார்டு கணினியின் பொது லாகின். அது இருக்கும்வரை நீங்கள் எந்தப் பதிவைப் பூட்டினாலும் வார்டில் உள்ள அனைவரிடமும் அதன் சாவி இருக்கும். யார் திறந்தார் என்பது மட்டும் இப்போதுபோலவே தெரியாமல் இருக்கும். ஆகவே நிர்வாகம் கேட்ட வரிசையை விட்டுவிட்டு, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பணிமுறை (ஷிஃப்ட்) மாறும் நேரத்தில் எந்த வார்டிலாவது சிறிது நேரம் நின்று பார்த்தால், பொது லாகின் ஏன் ஒழியாமல் இருக்கிறது என்பது விளங்கிவிடும். முதலில் வரும் செவிலியர் கணினியைத் திறக்கிறார். அவர் மருந்துத் தள்ளுவண்டியோடு நகர்ந்ததும் பயிற்சி மருத்துவர் அதே திரையில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கிறார். அவர் எழுந்திருப்பதற்குள் இயன்முறை மருத்துவர் பின்னால் வந்து நிற்கிறார். ஒவ்வொருவரும் வெளியேறி, மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் தட்டி, மென்பொருள் முழுவதும் திறக்கும்வரை காத்திருந்து, சற்றுமுன் பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை மீண்டும் தேடிப் பிடிக்க வேண்டுமென்றால், அந்த நேரம் நோயாளிகளின் கணக்கிலிருந்துதான் கழியும். இந்த நெருக்கடிக்கு வார்டு தானே கண்டுகொண்ட தீர்வுதான் பொது லாகின். அதைச் சுற்றறிக்கை ஒன்றினால் ஒழித்துவிடலாம் என்று நினைக்கும் மருத்துவமனைகளில், மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் தலைமைச் செவிலியரின் கடவுச்சொல்லைப் பார்க்கலாம்.

எனவே தனி லாகினைக் கட்டாயமாக்கும் முன் அதை வேகமாக்குங்கள். பணிமுறையின் தொடக்கத்தில் ஒருமுறை அடையாள அட்டையோடு இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டால், அதன்பின் எந்தக் கணினியிலும் அட்டையைத் தொட்ட உடனே, விட்ட இடத்திலிருந்து அவரவர் திரை திறக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் இருக்கிறது. இன்னொருவர் அட்டையைத் தொட்டால் முந்தையவரின் திரை தானாக மூடிக்கொள்ளும். அட்டைக்குச் செலவிட முடியாத நிலை என்றால், மென்பொருளை முழுவதும் மூடாமல் ஆளை மட்டும் மாற்றும் வசதியையாவது அதை எழுதிய நிறுவனத்திடம் வற்புறுத்தி வாங்குங்கள். மாதம் ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற விதி உங்களிடம் இருந்தால், அதையும் இதோடு நீக்கிவிடலாம். கடவுச்சொல் கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது, காலக்கெடு வைத்து அதை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017இலேயே வழிகாட்டியிருக்கிறது. இந்த வசதிகள் வந்த பிறகும் ஒருவர் தம் லாகினை மற்றவருக்குக் கொடுத்தால், அதை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாகக் கருதலாம். வசதி வருவதற்கு முன் அப்படிக் கருதுவது நியாயமாகாது.

பெயர் தெரியாத திறப்பு எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு, உங்கள் நிலைமையோடு பெரிதும் ஒத்துப்போகும் ஒரு வழக்கு உண்டு. பின்லாந்தின் பொது மருத்துவமனை ஒன்றில் கண் சிகிச்சைப் பிரிவில் 1989 முதல் 1994 வரை ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய செவிலியர் ஒருவர், அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்தார். தம் நோய் சக பணியாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்ற ஐயம் 1992இன் தொடக்கத்தில் அவருக்கு எழுந்தது. அக்காலத்தில் மருத்துவமனைப் பணியாளர்கள் நோயாளிப் பதிவேட்டைத் தடையின்றிப் பார்க்க முடிந்தது. அவர் தம் மருத்துவரிடம் முறையிட்ட பிறகு, சிகிச்சை அளிக்கும் பிரிவினர் மட்டுமே பார்க்கும்படி அது மாற்றப்பட்டது. ஆனால் அதற்கு முன் யாரெல்லாம் பார்த்தார்கள் என்று அவர் கேட்டபோது, கடைசி ஐந்து பார்வைகளை மட்டுமே, அதுவும் ஆளின் பெயராக அல்லாமல் பிரிவின் பெயராகவே கணினி காட்டும் என்றும், கோப்பு காப்பகத்துக்குத் திரும்பியதும் அந்த விவரமும் அழிந்துவிடும் என்றும் பதில் வந்தது. ஏறக்குறைய உங்கள் கணினிப் பிரிவு இப்போது தந்திருக்கும் பதில்தான் அது.

தம் பதிவைப் பார்த்தவர் யாரென்று மெய்ப்பிக்க முடியாததால் அந்தச் செவிலியர் உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2008 ஜூலை 17 அன்று வந்த தீர்ப்பு நிலைமையைத் தலைகீழாக்கியது. மெய்ப்பிக்கும் சுமையை அவர்மீது ஏற்றுவது, மருத்துவமனை தன் பதிவுகளை வைத்திருந்த முறையில் இருந்த குறையைக் கண்டுகொள்ளாமல் விடுவதாகும் என்றும், அனுமதியற்ற பார்வையை நடைமுறையில் தடுக்கும் பாதுகாப்பு இல்லாதபோது, பிறகு இழப்பீடு கேட்கலாம் என்று சட்டம் சொல்வது மட்டும் போதாது என்றும் நீதிமன்றம் கூறியது. தனிவாழ்வுக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்பதே முடிவு. உங்கள் நாட்டை அந்த நீதிமன்றம் கட்டுப்படுத்துமா என்பது வேறு விஷயம். ஆதாரம் இல்லை என்பதை மருத்துவமனையின் குறையாகப் பார்ப்பதா, புகார் சொன்னவரின் குறையாகப் பார்ப்பதா என்ற கேள்வி உங்கள் நிர்வாகக் கூட்டத்திலும் எழத்தான் போகிறது.

இனி அந்த எல்லைக்கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். பதவியைப் பார்த்து உரிமை தரும் முறையை 1992இல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் முறைப்படுத்தி எழுதினார்கள். இன்று பெரும்பாலான மருத்துவமனை மென்பொருள்களின் அடித்தளம் அதுதான். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பில் பிரிவு என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் சில திரைகளைத் திறந்துவிடுவார்கள். என்ன பார்க்கலாம் என்பதை இந்த முறை நன்றாகவே கட்டுப்படுத்தும்: பில் பிரிவுக்குக் கட்டண விவரம் போதும், மருத்துவரின் குறிப்பு வேண்டியதில்லை, வரவேற்பாளருக்குச் சந்திப்பு நேரம் போதும். ஆனால் யாருடைய பதிவைப் பார்க்கலாம் என்பதைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. எலும்பு முறிவு வார்டின் செவிலியரும் செவிலியரே என்பதால், மனநல வார்டில் இருக்கும் ஆய்வகப் பணியாளரின் கேஸ் ஷீட் அவருக்கும் திறக்கும். உங்கள் மருத்துவமனையில் பொது லாகின் இல்லாதிருந்தாலும் இந்தக் கசிவு நடந்திருக்கக்கூடும்.

இதற்கு மேல் தேவைப்படுவது, அந்த நோயாளியோடு அந்தப் பணியாளருக்கு இப்போது உள்ள சிகிச்சைத் தொடர்பு. அது கணினிக்குத் தெரிய வேண்டும் என்றால், யாரும் புதிதாக எதையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. சந்திப்புப் பட்டியல், உள்நோயாளியாகச் சேர்த்த விவரம், பரிந்துரைக் கடிதம், வார்டின் பணிப்பட்டியல், டூட்டி மருத்துவர் அட்டவணை ஆகியவற்றில் அது ஏற்கெனவே இருக்கிறது. நோயாளி வார்டில் சேர்ந்ததும் அந்த வார்டின் அன்றைய பணியாளர்களுக்கு அவருடைய பதிவு திறக்கிறது. வேறு துறை மருத்துவரின் கருத்தைக் கேட்டால், கேட்ட அந்தக் கணத்திலிருந்து அவருக்கும் திறக்கிறது. மூடுவதில்தான் பல இடங்களில் அவசரப்பட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்றே மூடினால், பிறகு வரும் திசுப் பரிசோதனை முடிவைப் பார்க்க வேண்டிய மருத்துவரே வெளியே நிற்பார். சில வாரங்கள் இடைவெளி விடுவது நல்லது. பணிப்பட்டியல் காகிதத்தில் இருந்து, கணினியில் இல்லாதிருந்தால், இந்தத் திட்டம் அங்கேயே நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படியானால் அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

உங்கள் நிர்வாகம் பட்டியலிட்ட நான்கு துறைகளின் பதிவுகள், இந்தத் தொடர்புக்கு மேலும் ஓர் அடுக்குப் பாதுகாப்பைப் பெறத் தகுதியானவைதான். ஆனால் ‘பதிவு’ என்பதை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு ஒட்டுமொத்தமாகப் பூட்டுவதில்தான் அவசர சிகிச்சை மருத்துவர்கள் ஆபத்தைக் காண்கிறார்கள். அவர்கள் காண்பது சரி. மனநல மருந்தான லித்தியம் எடுத்துக்கொள்பவருக்கு மூட்டுவலிக்கென்று இபுப்ரோஃபென் கொடுத்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு நச்சு நிலைக்கு ஏறக்கூடும். இன்னொரு மனநல மருந்தான குளோசபின் எடுப்பவர் காய்ச்சலோடு வந்தால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கின்றனவா என்று உடனே பார்க்க வேண்டும். அதைத் தெரியாத மருத்துவர் சாதாரணக் காய்ச்சலாக நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். மதுப்பழக்கத்திலிருந்து மீள நல்ட்ரெக்சோன் எடுப்பவர் விபத்தில் அடிபட்டு வந்தால் வழக்கமான அளவு மார்ஃபின் அவருக்கு வலியைக் குறைக்காது. எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் எடுப்பவருக்கு ஒற்றைத் தலைவலிக்கென்று எர்கோட்டமின் கொடுத்தால் கைகால்களுக்கு இரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு விபரீதமாகலாம். இவை அனைத்தும் நீங்கள் பூட்டப்போகும் அதே நான்கு பெட்டிகளுக்குள் இருப்பவை.

எனவே பெட்டியை உடைத்துப் பாருங்கள். மருந்துகள், ஒவ்வாமை, ஆபத்தான பரிசோதனை முடிவுகள் ஒரு பக்கம். நோயாளி மனம்விட்டுச் சொன்னவை, ஆலோசகரின் குறிப்புகள், உறவுகளைப் பற்றியும் கடந்தகாலத்தைப் பற்றியும் எழுதப்பட்டவை இன்னொரு பக்கம். மருத்துவத் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தின் தனியுரிமை விதிகள் இந்தப் பிரிவினையைத்தான் செய்கின்றன. உளவியல் ஆலோசனைக் குறிப்புகள் மற்றப் பதிவுகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தால் அவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. ஆனால் எழுதிக் கொடுத்த மருந்து, அமர்வு தொடங்கிய முடிந்த நேரங்கள், பரிசோதனை முடிவு, நோயறிதலின் சுருக்கம் ஆகியவை அந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை. அதே விதிகளில், ‘தேவைக்கு மிஞ்சிய தகவல் தரக்கூடாது’ என்ற கட்டுப்பாடு சிகிச்சைக்காக ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குத் தரும் தகவலுக்குப் பொருந்தாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் எச்.ஐ.வி. போன்ற சிலவற்றுக்கு இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அதைச் சட்ட ஆலோசகரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். சட்டம் விடும் இடத்தில், மருந்துப் பட்டியலைச் சிகிச்சைத் தொடர்புள்ள எவரிடமிருந்தும் மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மருந்தின் பெயரே நோயைச் சொல்லிவிடும். லித்தியம் என்று படித்த செவிலியருக்கு வேறு எதுவும் தேவையில்லை. சில மென்பொருள்கள் இதற்கு நடுவழி ஒன்றை முயல்கின்றன: மருந்தின் பெயரைக் காட்டாமல், புதிய மருந்தை எழுதும்போது மட்டும் ‘பாதுகாக்கப்பட்ட பதிவில் உள்ள ஒரு மருந்தோடு இது கடுமையாக மோதும்’ என்று எச்சரிக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், அதைப் படித்த மருத்துவர் அடுத்த மருந்தை முயல்வார், அதற்கும் எச்சரிக்கை வரும். மூன்றாவது முயற்சிக்குள் மறைந்திருக்கும் மருந்து எதுவென்று ஊகித்துவிடுவார், அல்லது பொறுமை இழந்து எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு எழுதிவிடுவார். மறைத்ததும் வீண், காத்ததும் வீண். நோயாளி தாமே கேட்டு ஒரு மருந்தை மறைக்கச் சொன்னால், விளைவை விளக்கி, ஒப்புதலைப் பதிந்துகொண்டு, அந்த எச்சரிக்கை முறையைப் பயன்படுத்தலாம். எல்லோருக்கும் பொதுவான விதியாக அதை வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறிப்புகளைப் பூட்டிவிட்ட பிறகும் செய்தி பக்கவாட்டில் கசியும் என்பதால், உங்கள் மென்பொருளில் ஒரு சோதனை நோயாளியை உருவாக்கி, மனநலப் பிரிவில் சேர்த்து, வெவ்வேறு லாகின்களிலிருந்து பாருங்கள். வரவேற்பாளரின் சந்திப்புப் பட்டியலில் துறையின் பெயர் தெரிகிறதா? இரத்தக் குழாயில் ஒட்டும் லேபிளில் அனுப்பிய வார்டின் பெயர் அச்சாகிறதா? பில்லில் ஆலோசனைக் கட்டணம் எந்தத் தலைப்பில் வருகிறது? நினைவூட்டல் குறுஞ்செய்தியில் எந்த மருத்துவரின் பெயரும் துறையும் போகின்றன, அது குடும்பத்தில் யாருடைய கைப்பேசிக்குப் போகிறது? பெயரைத் தட்டித் தேடும்போது வரும் பட்டியலிலேயே ‘கடைசியாக வந்த பிரிவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா? உங்கள் ஆய்வகப் பணியாளரின் விஷயத்தில் கேஸ் ஷீட்டை எவரும் திறக்காமலே இருந்திருக்கலாம். லித்தியம் அளவைப் பார்க்கச் சொல்லி அவர் பெயரில் வந்த ஒரு குழாய், அவருடைய சொந்த ஆய்வக மேசைக்கே வந்திருக்கக்கூடும். விசாரணையில் இந்த வழியைப் பார்த்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ‘இந்த நோயாளிக்குப் பாதுகாக்கப்பட்ட பதிவு உண்டு’ என்று சிவப்பில் எழுதிக் காட்டும் மென்பொருள், தான் மறைக்க வேண்டியதில் பாதியைத் தானே அறிவித்துவிடுகிறது.

தொடர்பு இல்லாதபோதும் பதிவு திறக்கப்பட வேண்டிய வேளைகள் வரும்; நினைவிழந்து வந்தவர், இரவில் பக்கத்து வார்டிலிருந்து ஓடிவந்த மருத்துவர் என்று. அதற்கு அவசரத் திறப்பு வழி வேண்டும். துறையில் இதை ‘பிரேக் கிளாஸ்’ என்பார்கள். இதில் முன் அனுமதி கேட்டுக் காத்திருக்க வைக்காதீர்கள். அனுமதி தர வேண்டியவர் அறுவை அரங்கில் இருப்பார். மருத்துவர் காரணத்தைக் குறித்துவிட்டு உடனே உள்ளே போகட்டும். அந்தத் திறப்பு அதே நிமிடத்தில் துறைத் தலைவருக்கும் தனியுரிமைப் பொறுப்பாளருக்கும் தெரியட்டும். அடுத்த வேலை நாள்களில் ஒருவர் அதைப் பார்த்து, சரி என்றோ விளக்கம் தேவை என்றோ குறிக்கட்டும். காரணம் கேட்கும் கட்டத்தில் முதல் தேர்வாக ‘சிகிச்சை’ என்று வைத்தால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள். ‘நினைவிழந்த நிலை’, ‘டூட்டி மாற்றம் அட்டவணையில் ஏறவில்லை’, ‘தொலைபேசியில் கருத்துக் கேட்டார்கள்’ என்று உண்மையில் நடப்பவற்றையே வையுங்கள். மாத இறுதியில் எண்ணிப் பார்க்கும்போது ஏதாவது ஒரு பிரிவில் அவசரத் திறப்பு அன்றாட வாசலாகிவிட்டிருந்தால், அங்குள்ளவர்களைக் குறை சொல்வதற்கு முன் தொடர்பு விதியைத் திருத்துங்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் உங்கள் அட்டவணையில் ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அவசர சிகிச்சைப் பிரிவையே எடுத்துக்கொண்டால், அங்கே பதிவு செய்யப்பட்ட நோயாளி அந்தப் பிரிவின் நோயாளிதான். அவருடைய மருந்தும் ஒவ்வாமையும் முந்தைய சுருக்கமும் எந்தக் கேள்வியும் இன்றித் திறக்க வேண்டும். ஆலோசனைக் குறிப்புகளுக்கு மட்டும் அவசரத் திறப்பு. உங்கள் மருத்துவர்களின் எதிர்ப்புக் கடிதத்துக்கு இந்த ஒரு வரி பெருமளவுக்குப் பதிலாகும் என்று நம்புகிறேன்.

இவ்வளவையும் செய்துவிட்டு, எந்தப் பதிவை யார் எப்போது திறந்தார் என்று கணினி குறித்துவைக்கும் பார்வைப் பதிவேட்டை யாரும் வாசிக்காமல் விட்டால் பயன் இல்லை. நெதர்லாந்தில் ஹேக் நகரின் ஹாகா மருத்துவமனையில் 2018இல் தொலைக்காட்சிப் பிரபலம் ஒருவரின் பதிவைச் சிகிச்சைத் தொடர்பு இல்லாத பணியாளர்கள் பலர் பார்த்தது வெளியானது. அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் மருத்துவமனைக்கு 4,60,000 யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதைக் குறைத்தது. ஆணையம் சுட்டிய குறைகள் இரண்டு: லாகினில் இரட்டைச் சரிபார்ப்பு இல்லை, பார்வைப் பதிவேடு முறையாகச் சோதிக்கப்படவில்லை. பதிவேடு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு நாளில் குவியும் வரிகளை முழுவதும் யாராலும் வாசிக்க முடியாது; சந்தேகத்துக்குரியவற்றைக் கணினி பொறுக்கித் தர வேண்டும். சிகிச்சைத் தொடர்பு இல்லாத பார்வைகள், பணியாளர் ஒருவர் சக பணியாளரின் பதிவைத் திறந்தவை, பார்த்தவருக்கும் நோயாளிக்கும் ஒரே முகவரி உள்ளவை, டிஸ்சார்ஜ் ஆகி நெடுநாள் கழித்துத் திறந்தவை, செய்தியில் பேசப்படும் நபரின் பதிவு ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். பதிவைத் திறந்ததை மட்டுமன்றி, பெயரைத் தேடியது, பட்டியலில் பார்த்தது, பிரிண்ட் எடுத்தது, எக்செல்லுக்கு இறக்கியது ஆகியவையும் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு உங்கள் கணினிப் பிரிவால் திருத்த முடியாத தனி சர்வரில் இருக்கட்டும். இதைச் சொல்வதால் வருந்தாதீர்கள், நாளை சந்தேகம் உங்கள் ஊழியர்மீது விழும்போது அவரைக் காப்பாற்றப் போவதும் அதுதான். எஸ்தோனியாவில் 2008 முதல் இயங்கும் தேசிய மருத்துவத் தகவல் அமைப்பில், தம் பதிவை யார் பார்த்தார் என்பதை நோயாளியே பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் பேருடைய பட்டியலை ஒரு தணிக்கையாளர் புரட்டுவதைவிட, தம் ஒருவருடைய பட்டியலை அவரவரே பார்ப்பது கூர்மையான காவல். உங்களால் இன்றே அதைச் செய்ய முடியாவிட்டாலும், கேட்கும் நோயாளிக்கு அச்சிட்டுத் தரும் வழக்கத்தைத் தொடங்கலாம்.

பணியாளரே நோயாளியாக வருவதற்குப் பலர் முதலில் நினைப்பது மாற்றுப் பெயர். மிக அரிதான சூழலில் தவிர அதை நான் ஆதரிப்பதில்லை. மாற்றுப் பெயரில் புதிய பதிவு தொடங்கும்போது பழைய பதிவில் இருக்கும் ஒவ்வாமையும் இரத்தப் பிரிவும் மருந்துகளும் பின்தங்கிவிடும். பிறகு இரண்டையும் சேர்ப்பதில் பிழை வரும். முக்கியப் புள்ளி என்று திரையில் கொடி காட்டுவதும் ஆவலைத் தூண்டும். அதற்குப் பதிலாக, பணியாளர் பட்டியலை நோயாளிப் பதிவோடு பின்னணியில் மட்டும் இணைத்து, அவர்களுடைய பதிவு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும், தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுநாள் சரிபார்ப்புப் பட்டியலில் விழச் செய்யுங்கள். ஆய்வகப் பணியாளரின் மாதிரிகளைக் குறியீட்டு எண்ணோடு வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும் வழியை அவருக்கே முன்வைத்துக் கேட்கலாம். பணியாளர் தம் பதிவைத் தாமே பணி லாகினில் திறப்பதையும் அனுமதிக்காதீர்கள். நோயாளிகள் கேட்டுப் பெறும் வழியிலேயே அவரும் பெறட்டும்.

வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பார்த்துவிடுங்கள். போர்த்துகலில் பாரெய்ரோ நகர மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் என்ற தகுதியில் 985 கணக்குகள் உயிரோடு இருந்தன; அங்கே பணியில் இருந்த மருத்துவர்கள் 296 பேர். 2018இல் அதற்கு விதிக்கப்பட்ட அபராதம் 4,00,000 யூரோ. பணியாளர் பிரிவின் சம்பளப் பட்டியலோடு உங்கள் லாகின் பட்டியலை ஒப்பிடுவது ஒரு பிற்பகல் வேலை. அதோடு, பயிற்சிக்கும் சோதனைக்கும் எடுத்துவைத்த தரவுத்தளப் பிரதிகளில் உண்மையான நோயாளிகளின் பெயர்கள் இருக்கின்றனவா, மென்பொருள் நிறுவனம் தொலைவிலிருந்து இணையும் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அந்த ஆய்வகப் பணியாளர். அவரிடம் ஆதாரம் கேட்காதீர்கள். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று அவரை விசாரிக்கும் தொனியும் வேண்டாம். அவருடைய தகவல் சக பணியாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை ஏற்று, எந்த வழியில் கசிந்தது என்று கண்டறிய முடியாமல் போனதற்கு மருத்துவமனையின் லாகின் ஏற்பாடுதான் காரணம் என்று எழுத்தில் சொல்லுங்கள். இனி அவருடைய பதிவை யார் திறந்தாலும் அந்தப் பட்டியல் மாதந்தோறும் அவருக்குத் தரப்படும் என்ற உறுதியும், விரும்பினால் சிகிச்சையை வேறு மருத்துவமனையில் தொடர்வதற்கான உதவியும் அதில் இடம்பெறட்டும். மேல் முறையீட்டுக்கு உங்கள் நாட்டில் உள்ள அமைப்பு எதுவென்பதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். இத்தகைய நிகழ்வை மேற்பார்வை அமைப்புக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான கெடு, மீறல் தெரிய வந்ததிலிருந்து 72 மணி நேரம். உங்களுக்குப் பொருந்தும் கெடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால், சட்ட ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பணியாளருக்குப் போகும் கடிதத்தில் கணினிப் பிரிவின் கையெழுத்து போதாது; மருத்துவக் கண்காணிப்பாளரே கையெழுத்திட்டு, நேரில் கொடுக்கட்டும்.